மேட்டுக்கு இரண்டு எம்.பி.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போவேன். அருங்காட்சியகத்து வாசலில் நிழலாக ஓர் இடம் பார்த்து அவர்களை நிறுத்தி வைத்துத்தான் ஆரம்பிப்பேன். "இந்தக் கோட்டையில கவர்னரா இருந்தவர் தாமஸ் பிட். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்துல கிடைச்ச ஒரு வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கினார். பட்டை தீட்டி, பிரான்ஸ் நாட்டு ராஜப் பிரதிநிதிக்கு 1,35,000 இங்கிலாந்துப் பவுனுக்கு வித்தார். அந்தக் காசுல இங்கிலாந்துல ஆளே இல்லாத ஒரு தொகுதியை விலைக்கு வாங்கினார். அந்தத் தொகுதியில பேரன் எம்.பி. ஆனான். பேரனும் பிரதமர், பேரனோட மகனும் பிரதமர். ஆக, நம்ம பக்கத்துக் கல்லு ஒண்ணு ரெண்டு பிரிட்டிஷ் பிரதமர்களைப் பெத்துப் போட்டிருக்கு!" இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் "சுரண்டிக்கிட்டுப் போயிட்டாங்க சார்" என்பார். கதை எப்போதும் அங்கேதான் முடியும். நான் அடுத்து சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்பேன்.

எனக்கு பிட் மேல் தனி அக்கறை உண்டு. நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். 1708ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நவாபிடமிருந்து கிடைத்த ஐந்து கிராமங்களில் எங்கள் ஊரும் ஒன்று. மற்ற நான்கு நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. அந்த வேலையை முடித்தவர் அப்போதைய கவர்னர் பிட்தான். அதனால் அவரை ஏதோ எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்துவிட்டுப் பாக்கி வைத்துப் போனவர் மாதிரியே நினைத்துப் பழகிவிட்டேன்.

போன வருஷம் அக்கா மகள் வீட்டில், சவுத்தாம்டனில், ஒரு மாதம் தங்க வாய்த்தது. "மாமா, எங்க போகணும் சொல்லுங்க, ஸ்டோன்ஹெஞ்ச் போலாமா?" என்றாள். அந்தக் கற்களைப் படத்திலேயே போதுமான அளவு பார்த்தாகிவிட்டது, அதற்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது, அங்கே கூட்டிப்போ என்றேன். "மேடா?" என்றாள். ஆமாம், மேடுதான். ஓல்ட் சேரம் என்று பெயர். ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிய தொகுதி.

சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே இரண்டு மைல். ஆறேழு ஆள் ஆழத்துக்கு அகழி, அதைச் சுற்றி வட்டமாக மண் கரை, உள்ளே இன்னொரு வட்டம், அதற்குள் இடிந்த கோட்டைச் சுவர். வெளி வட்டத்தின் ஒரு மூலையில் ஒரு பழைய தேவாலயத்தின் அஸ்திவாரம் மட்டும் புல்லுக்கு நடுவே வரைபடம் போட்டது மாதிரி கிடக்கிறது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. நான் கட்டியிருந்த மஃப்ளர் இரண்டு தரம் பறந்து போய் எடுத்து வந்தோம். கரையோரம் செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தெற்கே பார்த்தால் சாலிஸ்பரி கதீட்ரலின் கோபுரம், 404 அடி, அந்த நாட்டிலேயே உயரமானது, ஊசி மாதிரி நிற்கிறது. அந்தக் கோபுரம்தான் இந்த மேட்டை வெறும் மேடாக்கியது.

ஊர் நடந்து போன கதை

ஒரு காலத்தில் ஊரே இந்த மேட்டின் மேல்தான் இருந்தது. இரும்புக் காலத்து மண் கோட்டை, ரோமானியர் பாதை, பிறகு நார்மானியர் கட்டிய கோட்டை, 1092ல் அர்ச்சிக்கப்பட்ட தேவாலயம். அர்ச்சித்த ஐந்தாம் நாளே புயலில் அதற்குச் சேதம் என்று சொல்கிறார்கள். நான் நின்ற அன்று அடித்த காற்றைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை. மேட்டில் தண்ணீர் போதவில்லை, கோட்டைச் சிப்பாய்களுக்கும் பாதிரிமார்களுக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் 1220ல் கீழே ஆற்றோரப் புல்வெளியில் புது தேவாலயத்துக்குக் கல் நாட்டினார்கள். அதைச் சுற்றிப் புது ஊர் எழுந்தது. மேட்டிலிருந்த ஜனம் ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கியது. பழைய தேவாலயத்தின் கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை, பெயர்த்துக்கொண்டு போய்ப் புதுக் கட்டடத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

ஆள் போனார்கள், கல்லும் போனது. 1295ல் முதன்முதலாகக் கிடைத்த நாடாளுமன்ற இடம் மட்டும் மேட்டிலேயே தங்கிவிட்டது. கீழே இருந்த சாலிஸ்பரிக்குத் தனியாக இரண்டு எம்.பி., மேலே ஆளில்லாத மேட்டுக்குத் தனியாக இரண்டு எம்.பி. யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இது எப்படி நடக்கும் என்று அக்கா மகள் கேட்டாள். நமக்கு ஓட்டு என்றால் ஆளுக்கு ஓட்டு. அங்கே அப்போது ஊருக்கு ஊர் ஒரு விதி. ஒரு ஊரில் வரி கட்டுகிறவனுக்கு, இன்னொன்றில் நகரசபை ஆட்களுக்கு மட்டும், வேறொன்றில் அடுப்பெரிக்க ஓர் இடம் இருக்கிறவனுக்கு. ஓல்ட் சேரத்தில் ஓட்டு மனைக்கு. குறிப்பிட்ட சில பழைய மனைகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்களுக்கு ஓட்டு. மனையில் வீடு இருக்க வேண்டும் என்றில்லை, மாடு மேய்ந்தாலும் போதும். மனைகள் மொத்தத்தையும் ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதி மொத்தமும் அவருடையது. ஆனால் ஒருவர் பத்து ஓட்டுப் போட முடியாது. அதனால் இந்த வகைத் தொகுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்தலுக்கு முன்னால் நம்பிக்கையான ஆட்கள் பேருக்கு மனைகளை எழுதி வைப்பார்கள், ஓட்டுப் போட்டு முடித்ததும் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பினாமி என்ற சொல்லை நாம் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

தேர்தல் நடத்தக் கட்டடமும் கிடையாது. மேட்டுக்குக் கீழே வயலில் ஒரு எல்ம் மரம், அதன் அடியில்தான் தேர்தல். நாடாளுமன்ற மரம் என்றே அதற்குப் பெயர். வருவார்கள், ஆணையைப் படிப்பார்கள், இரண்டு பெயரைச் சொல்வார்கள், போய்விடுவார்கள். பெரும்பாலும் எதிர்த்து நிற்க ஆளே இருக்காது. 1831ல், கடைசித் தேர்தலில், ஓட்டுரிமை உள்ளவர்கள் 11 பேர். ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை. அதே வருஷம் மான்செஸ்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம், தனக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லாமல்.

வைரம் முதலிலா, மேடு முதலிலா

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கதீட்ரல் அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்து, என் கதையை எடுத்தேன். கோட்டை வாசலில் சொல்வதைவிட இங்கே சொல்வது எத்தனை பொருத்தம்! 48,000 வராகன், பட்டை தீட்டியது, 1,35,000 பவுன், மேட்டை வாங்கியது, இரண்டு பிரதமர்கள். அவள் சிரிக்கவில்லை. போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, வைரம் வாங்கினது எந்த வருஷம்?"

"1702."

"வித்தது?"

"1717."

"இந்த எடத்தை வாங்கினது 1691ன்னு போட்டிருக்கே. அவரு மெட்ராஸுக்கு கவர்னரா வந்ததே 1698. இல்லாத வைரத்தை வித்து எப்படி மாமா வாங்கினாரு?"

நான்கு வருஷங்களும் எனக்குத் தெரிந்தவைதான். தனித்தனியாகக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் பத்து வருஷமாக ஒரு தடவைகூட அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. "இல்லம்மா, மேல மேல வாங்கியிருப்பாரு..." என்று ஏதோ இழுத்தேன். அவள் விட்டுவிட்டாள். அவள் விட்டுக்கொடுத்த விதம்தான் எனக்கு ஆகவில்லை. அறுபதை நெருங்குகிற மாமனை ஆட்டுக் கூட்டத்துக்கு முன்னால் மேலும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்த மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் நான் அதிகம் பேசவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து பிட்டின் வாழ்க்கையை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பாதிரியார் மகன். 1670களில் கம்பெனி வேலையாக இந்தியாவுக்கு வந்து, வந்த கொஞ்ச நாளில் கம்பெனியை விட்டு ஓடி, சொந்தமாக வியாபாரம் பண்ண ஆரம்பித்தவர். கீழ்த்திசை வியாபாரம் முழுக்கத் தனக்கே என்று கம்பெனி அரச சாசனம் வைத்திருந்த காலம் அது. அதை மீறி வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கு 'இன்டர்லோப்பர்' என்று பெயர், நம் பேச்சில் சொன்னால் நடுவே புகுந்தவன். ஊர் திரும்பியபோது கம்பெனி அவரைப் பிடித்து வழக்குப் போட்டது. 1,000 பவுன் அபராதம், பிறகு அது குறைந்தது. அபராதம் கட்டிய பிறகும் கையில் நிறையவே மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தில்தான் நிலம் வாங்கினார். 1691ல் சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து ஓல்ட் சேரத்தை வாங்கினார். இது வைரத்துக்குப் பதினோரு வருஷம் முன்னால். மெட்ராஸ் கவர்னர் பதவிக்கு ஏழு வருஷம் முன்னால்.

வாங்கிய பிறகு என்ன ஆனது என்று பார்த்தபோதுதான் என் கதை முழுக்கத் தலைகீழாகத் திரும்பியது. 1690கள் கம்பெனிக்குக் கெட்ட காலம். அதன் ஏகபோகத்தை உடைக்க லண்டன் வியாபாரிகள் நாடாளுமன்றத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். 1694 ஜனவரியில், நாடாளுமன்றச் சட்டம் தடுக்காத வரை இந்தியாவோடு வியாபாரம் செய்ய எல்லா ஆங்கிலேயருக்கும் சம உரிமை உண்டு என்று நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபை தீர்மானமே போட்டுவிட்டது. அதுவரை அரசனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் போதும் என்றிருந்த கம்பெனிக்கு, இனி சபையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் முக்கியம். அந்த நேரத்தில் பிட் திரும்பவும் கள்ளக் கப்பலில் வங்காளத்துக்குப் போய் வியாபாரம் செய்துவிட்டு வருகிறார். வந்ததும், 1695ல், ஓல்ட் சேரத்தின் உறுப்பினர். யாரைக் கண்ட இடத்தில் பிடி என்று கம்பெனி உத்தரவு போட்டதோ, அதே ஆளோடு சமாதானமாகப் போய், 1697ன் கடைசியில் அதே கம்பெனி அவரைத் தன் முக்கியமான கோட்டைக்குத் தலைவராக நியமித்தது. 1698 ஜூலையில் மெட்ராஸ் வந்து இறங்கினார்.

மேட்டுத் தொகுதி ஒன்றுதான் அவரைக் கவர்னராக்கியது என்று சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு ஒரு தடவை சூடு பட்டாயிற்று. கடற்கரை வியாபாரம் அத்துப்படியாகத் தெரிந்த, முரட்டுத் துணிச்சல்காரரை வெளியே விடுவதைவிட உள்ளே வைத்துக்கொள்வது லாபம் என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்கும். ஆனால் சபையில் அவருக்கு ஓர் இடமும், அந்த இடத்தை யாரும் பறிக்க முடியாதபடி அதன் மனைப் பத்திரங்களும் இருந்தது அந்தக் கணக்கில் இல்லாமலா போயிருக்கும்? வைரம் மேட்டை வாங்கவில்லை. வேண்டுமானால், மேட்டில் ஏறி நின்றுதான் வைரம் வரைக்கும் கை எட்டியது என்று சொல்லலாம்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இது எனக்குப் பிடிக்கவில்லை. என் பழைய கதையில் நம் ஊருக்கு ஒரு மரியாதை இருந்தது. கொள்ளை போனதாகவே இருந்தாலும், அவர்களுடைய அரசியலின் வேரில் நம் கல் கிடக்கிறது என்கிற மாதிரி ஒரு கோணல் பெருமை. வருஷக் கணக்கை நேராக வைத்தால் அந்தப் பெருமை போய்விடுகிறது. மேட்டை வாங்க அவருக்கு நம் வைரம் தேவைப்படவில்லை. அவர் போட்ட ஒரு பெரிய சுற்றில் மெட்ராஸ் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

அவர் மெட்ராஸில் இருந்த பதினோரு வருஷத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தேன். 1702ல் மொகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையை மூன்று மாதம் போல முற்றுகையிட்டான், பிட் பணம் கொடுத்து முடித்தார். அதே வருஷம் ஜாம்சந்த் என்ற வியாபாரியோடு பேரம் பேசி வைரம். மூத்த மகன் ராபர்ட் அதைக் கப்பலில் கொண்டுபோனான். செருப்புக் குதிகாலில் மறைத்து என்று ஒரு கதை உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன், இனிமேல் சொல்வதற்கு முன் யோசிப்பேன். 1705ல் அந்த ராபர்ட்தான் ஓல்ட் சேரத்துக்கு எம்.பி. அப்பா இங்கே கோட்டையில் உட்கார்ந்து தொகுதியை வைத்திருந்தார், மகன் அங்கே அதில் உட்கார்ந்திருந்தான். 1707ல் மெட்ராஸில் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் பெரிய தகராறு, வலங்கையார் கூட்டமாகச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யார் ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்று பிட் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் எங்கள் ஊரும் மற்ற நான்கு ஊர்களும்.

இரண்டு பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1691ல் கை மாறியதில் ஓட்டு இருந்தது, ஆள் இல்லை. 1708ல் கை மாறியதில் ஆள் இருந்தார்கள், ஓட்டு இல்லை. வாங்கியவர் ஒருவரே. வடிவுடையம்மன் கோயில் தெருவில் அன்றைக்குக் குடியிருந்தவர்கள் தங்கள் ஊர் கைமாறியதை எப்போது தெரிந்துகொண்டிருப்பார்கள்? வரி வசூலிக்க வேறு ஆள் வந்து நின்றபோதாக இருக்கும்.

பேரன் சொன்ன பேச்சு

பிட் 1709ல் மெட்ராஸை விட்டுக் கிளம்பினார். 1710ல் மறுபடியும் ஓல்ட் சேரம் உறுப்பினர். வைரம் விற்ற பணம் கார்ன்வாலில் பொகொனாக் போன்ற எஸ்டேட்டுகளாக மாறியது. வைரக் காசில் வாங்கியது அவைதான், மேடு இல்லை. 1726ல் இறந்தபோதும் அவர் அந்த மேட்டுக்கு உறுப்பினராகத்தான் இருந்தார். 1735ல் பேரன் வில்லியம், இருபத்தாறு வயதுக் குதிரைப்படை இளைஞன், அண்ணன் வேறு தொகுதியை வைத்துக்கொண்டதால் காலியான குடும்ப இடத்தில் வந்து உட்கார்ந்தான். பேச்சில் சபையையே நடுங்க வைத்த சாத்தம் பிரபு அவன்தான். என் கதையில் அவன் பெயர் வந்ததும் நான் 'பிரதமர்' என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் அவன் என்ன சொன்னான் என்று பார்த்ததில்லை.

1766 ஜனவரியில், அமெரிக்கக் காலனிகள் மேல் போட்ட முத்திரை வரியை எதிர்த்து அவர் பேசிய பேச்சு பிரசித்தம். அமெரிக்காவுக்கு இந்தச் சபையில் உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன, மான்செஸ்டருக்குந்தான் இல்லை, எல்லாருக்கும் சேர்த்துத்தான் நாங்கள் இருக்கிறோமே என்பது அப்போதைய வாதம். மனித மூளையில் உதித்ததிலேயே கேவலமான எண்ணம் அது என்றார் பிட். அதோடு விடவில்லை. இந்தச் சின்னத் தொகுதிகளைத்தான் அரசியலமைப்பின் அழுகிய பாகம் என்கிறார்கள், இது நூற்றாண்டைத் தாண்டாது, தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். மேட்டுத் தொகுதியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவர் சொன்னது. அவர் மனம் மாறிச் சொன்னாரா, வசதிக்குச் சொன்னாரா என்று எனக்குள் ஒரு வாதம் ஓடியது. அவர் சொன்னது சரிதான். அழுகலின் வாசனை உள்ளே இருந்தவனுக்குத்தானே முதலில் தெரியும். ஆனாலும் அந்தத் தொகுதி அப்போதும் அவருடைய குடும்பத்தின் கையில்தான் இருந்தது. அவர் சொன்ன நூற்றாண்டு முடிந்தும் அது உதிரவில்லை.

அவர் மகன், இருபத்து நான்கு வயதில் பிரதமரான சின்ன பிட், அதை வெட்டப் பார்த்தார். 1785 ஏப்ரலில், 36 அழுகிய தொகுதிகளை அவற்றின் உரிமையாளர்களிடமிருந்து நஷ்ட ஈடு கொடுத்து வாங்கி ஒழித்துவிடலாம், அதற்குப் பத்து லட்சம் பவுன் ஒதுக்கலாம் என்றார். ஜனநாயகத்தைச் சீர்திருத்தவும் விலைதான் பேச வேண்டியிருந்தது. 174க்கு 248 என்ற கணக்கில் தோற்றுப்போனது. ஆனால் அதே வருஷம், அதற்கு இரண்டு மாதம் முன்னால், அதே சபையில் நடந்ததைப் படித்தபோது எனக்குப் பழைய பெருமை கொஞ்சம் திரும்பி வந்தது, வேறு நிறத்தில்.

பிப்ரவரி 28. விஷயம் ஆர்க்காட்டு நவாபின் கடன். மெட்ராஸில் கம்பெனி ஆட்களே நவாபுக்கு அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனை ஆர்க்காட்டுச் சீமை விவசாயியின் வருமானத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன பிட்டின் அரசு அந்தக் கடன்களைக் கணக்குக் கேட்காமலே ஒத்துக்கொண்டது. ஏன் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் எட்மண்ட் பர்க் எழுந்து கேட்டார். கடன் கொடுத்தவர்களில் முதல்வர் பால் பென்ஃபீல்ட். சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவர் என்று நாம் சொல்கிற அதே ஆள். போன சபையில், தன்னையும் சேர்த்து, எட்டு உறுப்பினர்களை உண்டாக்கியவர் இந்த பென்ஃபீல்ட், நாடாளுமன்றச் சீர்திருத்தம் பேசுகிற நீங்கள் எல்லாரும் வணங்க வேண்டிய மகா சீர்திருத்தவாதி அவர்தான் என்று பர்க் குத்தினார். தஞ்சாவூரிலும் ஆர்க்காட்டிலும் கறந்தது இங்கிலாந்தில் தொகுதியாக மாறியதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. பத்து வருஷமாக பிட்டைப் பற்றி நான் சொல்லிவந்தது பென்ஃபீல்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டியது. கதை பொய்யில்லை, ஆள்தான் மாறிப்போயிருந்தார், காலம் எண்பது வருஷம் தள்ளிப்போயிருந்தது. இதில் பர்க்கைத் தலைமேல் தூக்கி வைக்கவும் முடியாது. நவாபின் கடனைக் கிழித்துத் தொங்கவிட்ட அதே மனிதர், தொகுதிச் சீர்திருத்தம் என்று வந்தபோதெல்லாம் எதிர்த்தே நின்றார்.

மேடு பிட் குடும்பத்தில் 1802 வரை இருந்தது. கடைசியாக வைத்திருந்தவர் இரண்டாம் கேமல்ஃபோர்ட் பிரபு, சண்டைக்காரர். 1801ல் ஹார்ன் டூக் என்ற பழைய பாதிரியாரை, அரசாங்கத்துக்கு ஆகாத தீவிரச் சீர்திருத்தவாதி என்று தெரிந்தே, அங்கே நிறுத்தி உறுப்பினராக்கினார். பாதிரிமார் இனிமேல் காமன்ஸ் சபைக்கு வரக்கூடாது என்று அதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மக்களே இல்லாத தொகுதியிலிருந்துதான் மக்களுக்காகப் பேசுகிற ஒருவர் வர முடிந்தது. அடுத்த வருஷம் தொகுதியை விற்றார் கேமல்ஃபோர்ட். 1804ல் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் செத்தார்.

வாங்கியவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அயர்லாந்துக்காரர், இரண்டாம் கேலடன் பிரபு, முழுப் பெயர் டூ ப்ரே அலெக்சாண்டர். டூ ப்ரே! 1769ல் ஹைதர் அலி குதிரைப்படையோடு பரங்கிமலை வரைக்கும் வந்து நின்றபோது, சமாதானம் பேசக் கோட்டையிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜோசையாஸ் டூ ப்ரே. அடுத்த வருஷமே மெட்ராஸ் கவர்னர். அவர் மனைவி ஓர் அலெக்சாண்டர், இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பிய முதல் கேலடன் பிரபுவின் சகோதரி. அத்தை புருஷனின் பெயரைத்தான் பையனுக்கு வைத்திருக்கிறார்கள். அது மட்டுமில்லை. 1832ல் தொகுதி ஒழிந்தபோது அதன் கடைசி இரண்டு உறுப்பினர்களும் அலெக்சாண்டர்கள்: ஒருவர் ஜேம்ஸ், இன்னொருவர் ஜோசையாஸ் டூ ப்ரே அலெக்சாண்டர், கம்பெனியின் இயக்குநர். ஒரு மெட்ராஸ் கவர்னர் வாங்கிய மேட்டை, இன்னொரு மெட்ராஸ் கவர்னரின் பெயரைத் தாங்கியவர் கையில் வைத்துக்கொண்டு கடைசியாகச் சபையை விட்டு வெளியேறினார். இதை நான் எங்கேயும் தேடிப் போகவில்லை. வருஷத்தைச் சரிபார்க்கப் போன இடத்தில் காலில் இடறியது.

ஒழித்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1831 மார்ச்சில் அரசின் சார்பில் ஜான் ரஸ்ஸல் தொகுதிச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது, வெளிநாட்டுக்காரன் ஒருவனை இங்கே கூட்டிவந்து ஓர் இடிந்த மேட்டைக் காட்டி இது இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்றால் என்ன நினைப்பான் என்று கேட்டார். இரண்டாம் வாசிப்பில் 302க்கு 301, ஒரே ஓட்டில் பிழைத்தது. பிரபுக்கள் சபை அக்டோபரில் தூக்கி எறிந்தது, பிரிஸ்டல் நகரம் கலவரத்தில் எரிந்தது, கடைசியில் 1832 ஜூன் 7ல் சட்டம். 56 தொகுதிகள் மொத்தமாகப் போயின. இரண்டு வருஷம் கழித்து ஓவியர் கான்ஸ்டபிள் இந்த மேட்டை நீர்வண்ணத்தில் வரைந்தார். பெரிய வானம், இருண்ட மேகம், கீழே மேடு, முன்னால் ஆடும் மேய்ப்பனும். நான் பார்த்ததும் அதேதான், மேய்ப்பன் மட்டும் இல்லை.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, மனைவி வழிச் சொந்தத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அதே வாசல், அதே நிழல். இந்தத் தடவை 1691ல் ஆரம்பித்து, 1695, 1698, 1702 என்று ஒழுங்காகச் சொன்னேன். மனை ஓட்டைச் சொன்னேன், பென்ஃபீல்டைச் சொன்னேன், டூ ப்ரேயைச் சொன்னேன். பாதியிலேயே இரண்டு பிள்ளைகள் பீரங்கி பார்க்கப் போய்விட்டார்கள். முடித்தபோது பெரியவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்து என் கதையைக் கேட்டவர்.

"போன தடவ வைரத்த வித்துத் தொகுதி வாங்குனாருன்னு சொன்னீங்களே, மாப்ள?"

"அது தப்புங்க மாமா. வருஷம் ஒத்துவரல."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுதான் நல்லா இருந்துச்சு," என்றார்.